ஒரு பை, இரு வாழ்க்கை

2013 செப்டம்பர் இறுதியில் ஸ்வீடன் நாட்டின் ஒஸ்கார்ஷாம்ன் அணுமின் நிலையத்தில், சுமார் 1,400 மெகாவாட் திறனுள்ள மூன்றாம் உலையை நிறுத்த வேண்டியதாயிற்று. உலையில் பழுது ஏதும் இல்லை. அதைக் குளிர்விக்கப் பால்டிக் கடலிலிருந்து நீர் இழுக்கும் குழாய்களை ஜெல்லிமீன்கள் அடைத்துக்கொண்டன. நம் கல்பாக்கத்துக்கும் இந்தத் தொல்லை புதிதல்ல. அங்கும் கடல்நீர் உள்ளே வரும் வழியில் ஜெல்லிமீன்கள் கூட்டமாக வந்து தடுப்புகளில் அப்பிக்கொள்வதுண்டு.

நம் கடலோர ஊர்களில் ஜெல்லிமீனைச் சொறி என்பார்கள். சொறி ஏறும் பருவத்தில் வலை கனக்கும், உள்ளே மீன் இருக்காது. வலையை உதறிய கை எரியும். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் கடலில் ஒன்றைக்கூடக் காண முடியாது. மீன் என்றால் முட்டை, குஞ்சு, பெரிய மீன் என்று ஒரு வரிசை நம் கண்ணுக்குத் தெரிகிறது. சொறியோ வரும்போதே கூட்டமாக, ஏறத்தாழ ஒரே அளவில் வருகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் அது எங்கே இருந்தது?

இதோடு சேர்த்து இன்னொரு கேள்வியையும் வைத்துக்கொள்வோம். உயிரியல் நூல்கள் சொறியையும் பவளத்தையும் ‘குழியுடலிகள்’ என்ற ஒரே தொகுதியில் சேர்த்திருக்கின்றன. சொறியின் உடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர். பவளமோ கல்லைக் கட்டிக்கொண்டு வாழ்வது. இவை இரண்டும் எந்த வகையில் உறவு? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

சுருக்குப்பையின் அமைப்பு

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரே வாய். போடுவதும் எடுப்பதும் அதன் வழியேதான். வெளித்துணி ஒன்று, உள்துணி ஒன்று. வாயை இறுக்கலாம், தளர்த்தலாம்.

குழியுடலியின் உடல் இவ்வளவுதான். வெளிப்பக்கம் ஓர் அடுக்கு செல்கள், உட்பக்கம் ஓர் அடுக்கு செல்கள். இரண்டுக்கும் நடுவே கூழ் போன்ற ஒரு பொருள். அதை நடுக்கூழ் என்போம். உள்ளே இருக்கும் குழிதான் வயிறு. இரை உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் ஒரே வாய் வழியே. இதயம் இல்லை, இரத்தம் இல்லை, மூளை இல்லை. உடல் முழுக்கப் பரவிய நரம்பு வலை ஒன்று உண்டு.

பையின் வாயைச் சுற்றி உணர்கொம்புகள் இருக்கும். அவற்றில் இந்தத் தொகுதிக்கே உரிய ஆயுதம் இருக்கிறது: கொட்டும் செல். ஒவ்வொரு கொட்டும் செல்லுக்குள்ளும் மிகுந்த அழுத்தத்தில் அடைபட்ட ஒரு சிறு உறை; அதற்குள் சுருட்டி வைத்த ஒரு நுண்குழல். இரை பட்டதும் அந்தக் குழல் வெளியே பாய்ந்து நஞ்சை இறக்குகிறது. நன்னீரில் வாழும் ஹைட்ராவில் இந்தப் பாய்ச்சலை 2006இல் அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். உறை வெடித்துத் திறக்க ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. உயிருலகில் அறியப்பட்ட மிக விரைவான அசைவுகளில் இது ஒன்று. வலை உதறும் மீனவரின் கை எரிவது இதனால்தான். கடல் சாமந்தியும் பவளமும் சொறியும் இரை பிடிப்பது இதைக் கொண்டுதான்.

ஊன்றுவதும் மிதப்பதும்

இந்தப் பையை இரண்டு விதமாக வைத்து வாழலாம்.

முதல் விதத்தில் பையின் அடிப்பக்கம் பாறையிலோ சிப்பியிலோ ஒட்டிக்கொள்கிறது. வாய் எதிர்முனையில், நீரை நோக்கித் திறந்திருக்கிறது. உடல் ஒரு குட்டைத் தண்டாக நிற்கிறது. இதை உயிரியலாளர்கள் பாலிப் என்பார்கள். நாம் ஊன்றுடல் என்று சொல்லலாம்.

இரண்டாவது விதத்தில் பை எதிலும் ஒட்டவில்லை. கவிழ்ந்து, அடிப்பக்கம் மேலே வந்து, அகன்று குடையாகிவிடுகிறது. வாய் குடையின் கீழ் நடுவே தொங்குகிறது. உணர்கொம்புகள் குடையின் விளிம்பில் இருக்கின்றன. நடுக்கூழ் தடித்து உடலின் பெரும்பகுதி ஆகிவிடுகிறது. இது மெடூசா. இதை மிதப்புடல் என்போம்.

இரண்டிலும் உறுப்புகளின் வரிசை மாறவில்லை. மாறியது ஒவ்வொன்றின் அளவும், உடல் எதையேனும் பற்றியிருக்கிறதா என்பதும்தான். குழியுடலிகளில் 10,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றின் வடிவங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்ததாலோ, இரண்டையும் மாறி மாறி எடுத்ததாலோ, பலவற்றை ஒட்டிச் சேர்த்ததாலோ உண்டானவை.

ஒரே உயிருக்கு நான்கு பெயர்

இரண்டையும் மாறி மாறி எடுக்கும் உயிர் உண்டு என்பதை அவ்வளவு எளிதில் யாரும் ஊகிக்கவில்லை. நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்த மிக்கேல் சார்ஸ், மேற்குக் கடலோரத் திருச்சபைகளில் பாதிரியாராக இருந்தவர்; ஓய்வு நேரமெல்லாம் கடலுயிர்களைப் பார்த்தவர். 1829இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் அவர் இரண்டு புதிய விலங்குகளை விவரித்தார். ஒன்று, சில மில்லிமீட்டர் உயரத்தில் பாறையில் ஒட்டியிருக்கும், கொம்புகள் சூழ்ந்த உயிர். அதற்கு ஸ்கைஃபிஸ்டோமா என்று பெயரிட்டார். மற்றது, குறுக்கே பல வளையங்களாகப் பிளவுபட்ட தண்டு. அதற்கு ஸ்ட்ரோபிலா என்று பெயரிட்டார்.

எட்டுக் கரங்களோடு நீந்தும் ஒரு மிகச் சிறிய சொறிக்கு எஃபைரா என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. பெரிய சொறிகளுக்கும் தனிப் பெயர்கள் இருந்தன. நூல்களின்படி இவை நான்கும் நான்கு விலங்குகள்.

சார்ஸ் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். 1830களில், தான் பெயரிட்ட முதல் விலங்கே இரண்டாவதாக மாறுகிறது என்பதை உணர்ந்தார். அதன் வளையங்கள் கழன்று எஃபைராக்களாக நீந்திப் போயின. எஃபைரா வளர்ந்து பெரிய சொறி ஆயிற்று. பெரிய சொறியின் முட்டையிலிருந்து மறுபடி ஸ்கைஃபிஸ்டோமா வந்தது. 1841இல் இந்தச் சுற்று முழுவதையும் எழுதினார். அடுத்த ஆண்டு டென்மார்க்கின் யாபெடஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் இதைப் போன்ற சான்றுகளை ஒன்றுதிரட்டித் ‘தலைமுறை மாற்றம்’ என்ற கருத்தாக முன்வைத்தார். குழந்தை பெற்றோரைப் போல் இல்லாமல் பாட்டன் பாட்டியைப் போல் இருக்கும் உயிர்கள் உண்டு என்பதே அதன் சாரம். நான்கு பெயர்களும் இன்றும் வழக்கில் உள்ளன; முதல் மூன்றும் இன்று பருவங்களின் பெயர்கள்.

நிலாச்சொறியின் ஓர் ஆண்டு

அந்தச் சுற்றை ஒரு முறை முழுதாகப் பின்தொடர்வோம். சார்ஸ் ஆராய்ந்தவற்றில் ஒன்றும், ஒஸ்கார்ஷாம்ன் குழாயை அடைத்ததும் இந்த உயிர்தான். வட்டமான, நிறமற்ற குடை. குடையின் நடுவே குதிரைலாட வடிவில் நான்கு இனப்பெருக்கச் சுரப்பிகள் தெரியும். இதை நிலாச்சொறி என்போம்.

வட ஐரோப்பாவின் கோடைக்காலத்தில் தொடங்கலாம். ஆண் சொறி விந்துவை நீரில் விடுகிறது. பெண் சொறி அதை உள்வாங்குகிறது. கருவுற்ற முட்டைகள் பெண்ணின் வாயைச் சுற்றித் தொங்கும் மடிப்புகளில் தங்கி வளர்கின்றன. அங்கிருந்து கழன்று வருவது பிளானுலா என்னும் இளவுயிரி. நீள்வட்டமான அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. உடலெங்கும் உள்ள நுண்மயிர்களை அசைத்துச் சில நாள் நீந்தும். பிறகு கெட்டியான ஒரு பரப்பைத் தேடி ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டும் இடத்தில் அதற்கு ஒரு தனி விருப்பம் உண்டு. சிப்பி ஓட்டின் அடிப்புறம், மிதவைத் துறையின் கீழ்ப்பரப்பு, பாறை விளிம்பின் மறைவு. மேற்பரப்பில் வண்டல் படியும், பாசி மூடும். கீழ்ப்பரப்பில் அந்தத் தொல்லை குறைவு. ஆகவே நிலாச்சொறியின் ஊன்றுடல் பெரும்பாலும் தலைகீழாகத் தொங்குகிறது. உயரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். முதலில் நான்கு கொம்புகள், பிறகு எட்டு, பிறகு பதினாறு. குட்டிச் சொறியை யாரும் பார்க்காததற்குக் காரணம் இதுதான். அது கடலில் நீந்துவதில்லை. துறையின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அங்கே அது சும்மா இருப்பதில்லை. மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்கிறது. பக்கவாட்டில் மொட்டுவிட்டுத் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குகிறது. அந்த இரண்டும் மொட்டுவிடும். இணை தேவையில்லை. ஒரு முட்டையிலிருந்து வந்த ஒரே ஊன்றுடல் காலப்போக்கில் ஒரு கூட்டமாகப் பெருகிவிடுகிறது.

குளிர்காலம் வந்து போகும்போது பெரிய மாற்றம் நிகழ்கிறது. தண்டின் குறுக்கே ஒரு பள்ளம் விழுகிறது. அதன் கீழ் இன்னொன்று, அதன் கீழ் மற்றொன்று. பத்து, சில வேளை இருபதுக்கும் மேற்பட்ட வட்டுகளாக உடல் பிளவுபடுகிறது. ஒவ்வொரு வட்டின் விளிம்பிலும் எட்டுக் கரங்கள் முளைக்கின்றன. நுனியில் உள்ள வட்டு முதலில் துடிக்கத் தொடங்கி, கழன்று நீந்திப் போகிறது. அதன் பின்னால் அடுத்தது. ஓர் ஊன்றுடல் இப்படி ஒரே பருவத்தில் பல எஃபைராக்களாகப் பிரிந்துவிடுகிறது. அடியில் மிஞ்சிய துண்டோ அழிவதில்லை. அது மறுபடி கொம்பு முளைத்து ஊன்றுடலாகி அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும்.

எஃபைரா வசந்த காலத்து இரையைத் தின்று கோடைக்குள் தட்டளவு சொறியாகிவிடும். இனப்பெருக்கம் முடிந்ததும் உடல் தளர்ந்து இறக்கும். மிதப்புடலின் ஆயுள் பெரும்பாலும் மாதக்கணக்கில்தான். ஊன்றுடலின் ஆயுள் ஆண்டுக்கணக்கில்.

சொறிகள் கூட்டமாக, ஒரே அளவில் வருவது ஏன் என்று இப்போது தெரிகிறது. பல ஊன்றுடல்கள் ஒரே பருவத்தில் வட்டு வட்டாகப் பிரிந்திருக்கின்றன.

குளிர்நாட்களின் கணக்கு

மூளையில்லாத ஓர் உயிர் பருவம் வந்ததை எப்படி அறிகிறது? ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இதற்கான விடையை வெளியிட்டார்கள். நீரின் வெப்பநிலையைத் தாழ்த்தியதும் ஊன்றுடலில் ஒரு குறிப்பிட்ட மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது. அதற்கு அவர்கள் இட்ட குறிப்பெயர் சிஎல்390. குளிர் நீடிக்க நீடிக்க அதன் விளைபொருள் சிறிது சிறிதாக மிகுகிறது. போதிய அளவு சேர்ந்த பிறகுதான் உடல் பிளவுபடுகிறது.

இந்தச் சேமிப்பு முறையில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இலையுதிர் காலத்தில் நான்கு நாள் குளிரடித்து மீண்டும் வெப்பம் வந்தால் அளவு எட்டாது. அவசரப்பட்டுப் பிரிந்து, இரையில்லாத கடலில் குஞ்சுகளை விடும் ஆபத்து இல்லை. குளிர் வாரக்கணக்கில் நீடித்தால்தான் அது உண்மையான குளிர்காலம்.

இது வட கடலின் கணக்கு. வெப்பக் கடல்களில் குளிர்காலம் ஏது? அங்குள்ள சில இனங்களில் இதற்கு நேர்மாறாக, நீர் சூடேறுவதே பிரியும் வேளையைக் காட்டுகிறது.

மிதக்கத் தேவையானவை

ஊன்றுடலுக்குத் திசை தெரிய வேண்டியதில்லை. கழன்று நீந்தத் தொடங்கிய வட்டுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே எஃபைராவின் எட்டுக் கரங்களின் நுனியிலும் ஊன்றுடலில் இல்லாத ஒரு புதிய உறுப்பு தோன்றுகிறது. அதற்குள் கால்சியம் சல்பேட் படிகங்கள் இருக்கின்றன. உடல் சாய்ந்தால் படிகங்களின் எடை ஒரு பக்கம் இழுக்கும். சாய்வை உணர்ந்து குடை தன்னை நிமிர்த்திக்கொள்ளும்.

1991 ஜூனில் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் நிலாச்சொறியின் ஊன்றுடல்களும் எஃபைராக்களுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அனுப்பினார்கள். எடையற்ற நிலையிலும் வட்டுகள் பிரிந்தன, எஃபைராக்கள் வளர்ந்தன. ஆனால் பூமிக்குத் திரும்பிய பிறகு, தரையில் வளர்ந்தவற்றைவிட அதிகமானவை சீராகத் துடிக்க முடியாமல் தடுமாறின. உறுப்பு உருவாவதற்கு எடை தேவைப்படவில்லை. அது ஒழுங்காகப் பழகுவதற்குத் தேவைப்பட்டது போலிருக்கிறது.

நீந்துவதில் நடுக்கூழின் பங்கு பெரிது. குடையின் விளிம்பை ஒட்டிய தசை சுருங்கும்போது உள்ளிருக்கும் நீர் வெளியேறி உடல் முன்னே போகிறது. மறுபடி விரிப்பதற்குத் தசை ஏதும் இல்லை. அமுங்கிய நடுக்கூழ் தானே பழைய வடிவுக்குத் திரும்புகிறது. அப்படி விரியும்போது குடைக்கடியில் சுழலும் நீர் உடலை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கிடைக்கும் இந்தச் செலவில்லாத தள்ளல் நிலாச்சொறியைச் சுமார் 30 சதவீதம் கூடுதல் தூரம் கொண்டுசெல்வதாக 2013இல் அளந்தார்கள். வேகத்தில் அது பின்தங்கலாம். சிக்கனத்தில் அதை மிஞ்சும் நீச்சலுயிர் அரிது.

மிதக்காமலே வாழ்பவை

பவளங்களும் கடல் சாமந்திகளும் சேர்ந்த கிளையில் மிதப்புடலே கிடையாது. முட்டையும் விந்துவும் ஊன்றுடலுக்குள்ளேயே உருவாகின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், ஆண்டில் முழுநிலவுக்குப் பின்வரும் சில இரவுகளில் பல இனப் பவளங்கள் ஒரே நேரத்தில் அவற்றை நீரில் விடுவதை 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். அதிலிருந்து வரும் பிளானுலா சில நாள், சில வாரம் மிதக்கும். பவளம் தன் வாழ்நாளில் ஊர் பார்ப்பது அப்போது மட்டும்தான்.

ஒட்டிய இடத்தில் பவளத்தின் ஊன்றுடல் தன் அடிப்பக்கத்து வெளி அடுக்கிலிருந்து சுண்ணாம்பைச் சுரக்கிறது. அது ஒரு கிண்ணமாக உறைகிறது. உடல் கிண்ணத்தின் மேல் அமர்ந்திருக்கும். மேலும் மேலும் சுரக்க, உடல் உயர்ந்துகொண்டே போகும். அடியில் கல் பெருகும். ஆகவே பவளப்பாறையில் உயிருள்ள பகுதி மேலே சில மில்லிமீட்டர் தடிப்புள்ள போர்வை மட்டும். மற்றதெல்லாம் அது விட்டுவந்த கல்.

மொட்டுவிடும் வழக்கம் இங்கும் உண்டு. ஆனால் நிலாச்சொறியில் மொட்டு பிரிந்துபோகிறது, பவளத்தில் பிரியாமல் ஒட்டியே இருக்கிறது. பக்கத்து ஊன்றுடல்களின் வயிறுகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஒன்று தின்ற உணவு மற்றதற்கும் போகும். பவளத்திட்டுகளைக் கட்டும் இனங்களின் உட்புற அடுக்கில் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு தயாரித்து விருந்தளிக்கின்றன. இந்த ஏற்பாட்டில், மில்லிமீட்டர் அளவுள்ள உடல்கள் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள பெருந்தடுப்புத் திட்டைக் கட்டியிருக்கின்றன.

நகைக்கடைச் செம்பவளமும் இதே கிளையைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலில் வளர்வது. 1706இல் இத்தாலியரான மார்சிலி அதன் கிளைகளில் வெண்ணிறப் ‘பூக்கள்’ விரிவதைக் கண்டு பவளம் செடிதான் என்று உறுதிகொண்டார். அவை பூக்கள் அல்ல, விலங்குகள் என்று 1720களில் பிரெஞ்சு மருத்துவர் பேசோனெல் சொன்னார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் ரியோமர் அந்தக் கருத்தைப் பேசியபோது, சொன்னவருக்கு அவமானம் வரக்கூடாதென்று பெயரை மறைத்துவிட்டார். ஒவ்வொரு பூவும் எட்டுக் கொம்புள்ள ஓர் ஊன்றுடல்.

நடுவில் நிற்பவை

இந்த இரண்டு வடிவங்களுக்கு நடுவே எல்லா விதமான ஏற்பாடுகளையும் காணலாம். ஹைட்ரா மிதப்புடலைக் கைவிட்டது. மத்தியதரைக் கடலின் பெலாகியா ஊன்றுடலைக் கைவிட்டது. அதன் பிளானுலா எங்கும் ஒட்டாமல் நேரே எஃபைரா ஆகிவிடும். பெட்டிச்சொறிகளில் பெரும்பாலும் ஊன்றுடல் வட்டுகளாகப் பிரிவதில்லை. முழு உடலும் ஒரே மிதப்புடலாக மாறிக் கிளம்பிவிடும். தண்டுச்சொறிகள் மாறத் தொடங்கும், ஆனால் பிடியை விடாது. மேற்பாதி குடையாகவும் கீழ்ப்பாதி தண்டாகவும் பாறையில் நிற்கும். காசியோபியா என்னும் சொறி வளர்ந்தபின் அலையாத்திக் காட்டுச் சேற்றில் மல்லாந்து படுத்து, தன் நுண்பாசிகளுக்கு வெயில் காட்டும்.

மழைக்காலத்தில் மும்பை ஜூஹு கடற்கரையில் ஒதுங்கும் நீலக்குப்பி ஒரு தனி உயிர்கூட அல்ல. ஒரே முட்டையிலிருந்து மொட்டுவிட்ட பல உடல்கள் பிரியாமல், வேலையைப் பங்கிட்டுக்கொண்ட கூட்டுடல் அது. மிதக்க ஒன்று, கொட்ட ஒரு வகை, செரிக்க ஒரு வகை, இனம் பெருக்க ஒரு வகை.

இவற்றில் எது மூத்தது? பவளக் கிளையில் மிதப்புடல் இல்லை. இரு பெருங்கிளைகளுக்கும் பொதுவானது ஊன்றுடல். ஆகவே அதுவே முதலில் வந்தது, சொறிகளின் கிளை பின்னர் மிதப்புடலைச் சேர்த்துக்கொண்டது என்பது பலரும் ஏற்கும் கருத்து. தொல்லெச்சங்களும் இதற்கு இசைவாக இருக்கின்றன. இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டுப் பாறையிலிருந்து 2022இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 56 கோடி ஆண்டு பழைய உயிர் ஊன்றுடல் தோற்றம் கொண்டது. நீந்தும் சொறி என்று தெளிவாகச் சொல்லத்தக்க கனடாவின் பர்ஜஸ் பாறை எச்சங்கள், 2023இல் விவரிக்கப்பட்டவை, சுமார் 50½ கோடி ஆண்டு பழையவை.

தொல்லையும் மருந்தும்

ஆகவே சொறியைச் சொறியின் இடத்தில் தேடிப் பயனில்லை. வலைபோட்டு ஆயிரம் சொறிகளை அள்ளினாலும், அவற்றை அனுப்பிய ஊன்றுடல்கள் அடியில் அப்படியே இருக்கும். தென் கொரியாவில் முக்குளிப்போர் கடலடிக் கட்டுமானங்களில் ஒட்டியுள்ள ஊன்றுடல்களை நீர் பீய்ச்சிச் சுரண்டி எடுப்பது இதனால்தான். நாம் கட்டும் ஒவ்வொரு துறைமுகத் தூணும் மிதவைத் துறையும், வண்டல் படியாத ஒரு கீழ்ப்பரப்பை அவற்றுக்குக் கொடுக்கிறது.

பவளத்தின் நிலைமை வேறு. நீர் அளவு மீறிச் சூடாகும்போது நுண்பாசிகள் வெளியேறி, போர்வை வெளுத்து, அடியிலுள்ள கல் தெரிகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் இப்படி வெளுத்தது. கழன்று வேறிடம் போக அதற்கு மிதப்புடல் இல்லை.

ஆனால் மொட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் ஆய்வாளர்கள் நலமான பவளத்திலிருந்து சிறு கிளைகளை ஒடித்து, சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். ஒடித்த துண்டிலுள்ள ஊன்றுடல்கள் மொட்டுவிட்டு, கல் சுரந்து, பலகையைப் பற்றிக்கொள்கின்றன. கொரிய முக்குளிப்பவர் ஓயாமல் சுரண்டுவதும் தூத்துக்குடி ஆய்வாளர் நம்பி நடுவதும் ஒரே திறமையைத்தான்: ஒரு துண்டு மிஞ்சினால் போதும், ஊன்றுடல் மீண்டும் ஒரு கூட்டமாகிவிடும்.